வெறுங்குழாயில் எழுந்த கோடு

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில், ஆட்களின் தலையிலிருந்து முடியை வேரோடு பிடுங்குவது யுவராணியின் வேலை. யாராவது கேட்டால் "லேப்ல கீறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். முழுதாகச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் தலையைக் குனிந்து காட்டி, "எனக்கும்தான் கொட்டுது, எதுனா எண்ண கீதா?" என்பார்கள். எண்ணெய் எதுவும் அவளிடம் இல்லை. முடியின் வேர் உடம்பில் ஓடும் ஹார்மோனை என்ன செய்கிறது என்று அங்கே அளந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

உச்சந்தலையிலிருந்து இருபது முடி, பிடரியிலிருந்து இருபது முடி. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடித்து, முளைத்த திசையிலேயே வெடுக்கென்று இழுக்க வேண்டும். வேரைச் சுற்றி ஈரமான வெள்ளை உறை ஒட்டிக்கொண்டு வந்தால் அது உயிருள்ள வேர். காய்ந்த மொட்டுப் போல வந்தால் உதவாது. நல்ல வேர்களை நறுக்கிச் சின்னக் குழாய்களில் போட்டு, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் துளியளவு சேர்த்து, உடம்புச் சூட்டிலேயே வைப்பாள். சாயங்காலத்துக்குள் வேர் அதில் ஒரு பங்கை இன்னும் வீரியமான வேறொரு ஹார்மோனாக மாற்றியிருக்கும். அந்த வீரியமான சரக்குதான் உச்சி முடியை மெலிய வைத்து விழ வைக்கிறது. பெண்களின் வேர் அதை எவ்வளவு மாற்றுகிறது, ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதுதான் அங்கே டாக்டர் ஜெபா நடத்திய ஆராய்ச்சி. அளக்கும் இயந்திரம் பக்கத்து அறையில் இருந்தது. பலருக்கும் பொதுவானது என்பதால் இவர்களின் முறை வியாழக்கிழமை மட்டும்.

ஒவ்வொருவருக்கும் ஹார்மோன் சேர்க்காத குழாய்கள் இரண்டு உண்டு, உச்சிக்கு ஒன்று, பிடரிக்கு ஒன்று. யுவராணி அவற்றை வெறுங்குழாய் என்பாள். அவற்றில் வேர் மட்டும் இருப்பதால் இயந்திரத்தின் திரையில் கோடு தட்டையாகத்தான் ஓட வேண்டும். மற்ற குழாய்களின் கணக்கெல்லாம் அந்தத் தட்டைக் கோட்டை நம்பி நிற்பவை.

யுவராணிக்கு முப்பத்தெட்டு வயது. வேப்பம்பட்டில் பிறந்து அங்கேயே வாக்கப்பட்டவள். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் கூலி வாங்கினவர்கள். கணவன் பச்சையப்பன் ஆவடிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத்தில் இரும்பு கடையும் டர்னர். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்ததும் திருநின்றவூரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எட்டு வருஷம் இருந்தாள். அங்கே ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் இரண்டு பெண்களின் ரத்தம் எடுத்த குழாய்கள் அவள் கையில் இடம் மாறிவிட்டன. சர்க்கரையே இல்லாத ஒரு கர்ப்பிணிக்குச் சர்க்கரை ஏகமாக இருக்கிறது என்று சீட்டு போயிற்று. அவள் ஊசி போட ஆரம்பித்து மூன்றாம் நாள் மயங்கி விழுந்தாள். பிழைத்துக்கொண்டாள், குழந்தைக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அவள் புருஷன் வாசலில் நின்று, "எவ அந்தப் பொம்பள? வெளிய வரச் சொல்லு!" என்று கத்தினதும், முதலாளி யுவராணியின் முழங்கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கூட்டத்தின் முன்னால் நிறுத்தினதும் அவளுக்குள் அப்படியே தங்கிவிட்டன. அன்றைக்கே வேலை போயிற்று.

இரண்டு வருஷம் வீட்டில் கிடந்தாள். பிறகு இந்த ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தபோது பழைய விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு குழாயிலும் எண்ணை எழுதி, வாய்விட்டுப் படித்து, மறுபடி நோட்டோடு ஒத்துப் பார்ப்பாள். அம்பத்தூர் ஸ்டேஷன் வரை போய்விட்டு, பிரீசர் கதவைச் சாத்தினோமா என்று திரும்பி ஓடிவந்த நாட்கள் உண்டு.

இருபத்தேழாம் எண்ணாக ஒரு செவ்வாய்க்கிழமை வந்து உட்கார்ந்தவள் சரசா. குத்தம்பாக்கத்துக்காரி, நாற்பத்து மூன்று வயது. எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல். ஆராய்ச்சிக்கு ஆள் தேவை என்று கேன்டீன் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து வந்திருந்தாள். தலையில் மாட்டியிருந்த வலைத் தொப்பியைக் கழற்றவே தயங்கினாள். கழற்றியதும் வகிட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு மண்டை தெரிந்தது.

"இன்னா மேடம், மொத்தமும் புடுங்கிடுவியா? இருக்கறதே கொஞ்சம்."

"நாப்பதுதான்க்கா. வலிச்சா சொல்லுங்க."

"வலி கெடக்கட்டும். எட்டு மாசம் முன்ன வரைக்கும் எனக்குப் பின்னல் இடுப்புல வந்து இடிக்கும். சொன்னா நம்ப மாட்ட."

குரல் கரகரவென்று ஆம்பிளைக் குரலாக இருந்தது. யுவராணி கேட்டதற்கு, "தொண்ட கட்டிகினு கீது. தெனம் வடச்சட்டிப் பொகையில நிக்கறேன்ல?" என்றாள். மாதவிலக்கு பற்றிய கேள்விக்கு, நின்று ஆறு மாசம் ஆயிற்று, வயசாகிறதல்லவா என்றாள். மோவாயில் கத்தரித்துவிட்ட முடி முள்முள்ளாக இருந்ததை யுவராணி பார்த்தாள். படிவத்தில் அதை எழுத இடம் இல்லை. எழுதாமல் விட்டாள்.

"ஊட்ல தெரியாது மேடம். போன்லாம் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு, தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு சரசா வேலைக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை யுவராணி இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறாம் எண்ணின் வெறுங்குழாய்கள் இரண்டும் தட்டையாக ஓடின. அடுத்து இருபத்தேழின் உச்சிக் குழாய். டெஸ்டோஸ்டிரோன் வர வேண்டிய இடத்தில் கோடு நட்டுக்கொண்டு எழுந்தது. ஒன்றுமே சேர்க்காத குழாயில் எப்படி வரும்? அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. பிடரிக் குழாய் வரட்டும் என்று காத்திருந்தாள். அதிலும் அதே கோடு எழுந்தது.

அவளுக்குத் தோன்றிய முதல் எண்ணம் ஒன்றே ஒன்றுதான். நாம்தான் ஊற்றியிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை அந்த மேஜையில் ஹார்மோன் பாட்டில் திறந்து இருந்தது. ஹார்மோன் எடுத்த உறிஞ்சுகுழலின் முனையை மாற்றாமல் வெறுங்குழாயில் விட்டிருப்போம். சரசா பேசிக்கொண்டே இருந்தாளே, கவனம் போயிருக்கும். இருபத்தேழு கெட்டது என்றால் இருபத்தாறும் கெட்டிருக்குமோ? இருபத்தைந்து? இந்த ஒரு வருஷ வேலையும்?

இரண்டாவது எண்ணமும் வந்தது. அந்தக் குரல், அந்த மோவாய். ஒருவேளை அவள் உடம்பிலேயே இவ்வளவு இருந்தால்? அந்த எண்ணம் வந்த வேகத்தில் யுவராணி அதைத் தள்ளிவிட்டாள். தன் தப்பை மறைக்க மனசு கட்டுகிற கதை என்று அவளுக்குப் பட்டது. திருநின்றவூரிலும் முதலில் இப்படித்தான், குழாய் மாறவில்லை, அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே சர்க்கரை இருந்திருக்கும் என்று ஒரு பகல் முழுக்க நம்பிக்கொண்டிருந்தாள்.

நோட்டில் இருபத்தேழுக்கு நேரே "மறுபடி ஓட்ட வேண்டும்" என்று மட்டும் எழுதினாள். டாக்டர் ஜெபா எட்டிப் பார்த்து, "எல்லாம் சரியா வந்துச்சா?" என்றபோது, "ஒண்ணு மட்டும் தெளிவா இல்ல மேடம், அடுத்த வாரம் பாத்துடறேன்" என்றாள். பொய்யில்லை. நிஜமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழம்பில் உப்பே இல்லை என்று பச்சையப்பன் சொன்னபோது அவள் காதில் விழவில்லை.

"இன்னா ஆச்சி உனுக்கு? நானும் மூணு நாளா பாத்துகினு கீறேன். ஆளே இல்லாத மாரி கீற."

அவள் சொன்னாள். அவன் கை கழுவாமல் உட்கார்ந்து முழுதும் கேட்டான்.

"தோ பாரு யுவா, எனக்கு அந்த ஹார்மோனு இன்னானு புரியாது. மிஷின்ல பீஸ் தப்பா வந்தா நான் இன்னா பண்ணுவேன்? அதே இரும்புல இன்னொரு துண்டு வெட்டிப் போட்டுப் பாப்பேன். உன்கிட்ட அந்தம்மா முடி வேற கீதா?"

இருந்தது. ஒவ்வொருவரின் வேரிலும் நான்கைந்தைத் தனியாக எடுத்து, எதுவும் சேர்க்காமல் அப்படியே பிரீசரில் போட்டுவைப்பது வழக்கம். ஹார்மோன் பாட்டிலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் அது ஒரு தடவைக்குத்தான் காணும். டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கேட்டால் ஏன் என்பார்.

கேட்காமலே எடுத்தாள். புதன்கிழமை, டாக்டர் ஜெபா கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், தன் உச்சியிலிருந்தும் ஐந்து முடியைத் தானே பிடுங்கிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு செய்ததால் இரண்டு அறுந்து வந்தன, மறுபடி பிடுங்கினாள். தன் வேர் ஒரு குழாயில், சரசாவின் வேர் ஒரு குழாயில். இரண்டுக்கும் வேரை ஊறவைக்கும் அதே திரவம், அதே கை. ஹார்மோன் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கோடு தட்டையாக வந்துவிட்டால் தப்பு தன்னுடையது, போதாததற்குக் கடைசி வேரையும் திருட்டுத்தனமாக அழித்தாயிற்று.

மறுநாள் இயந்திரம் முதலில் அவளுடையதை ஓட்டியது. தட்டை. அடுத்ததை ஓட்ட அதற்குப் பன்னிரண்டு நிமிஷம் பிடித்தது. அவள் திரையைப் பார்க்காமல் சுவரில் இருந்த தீயணைப்புச் சிலிண்டரின் மேல் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

கோடு எழுந்து நின்றது.

அந்தக் கணம் அவளுக்கு உண்டானது சந்தோஷம். நம் மேல் தப்பில்லை! நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கினாற்போல் இருந்தது. இரண்டு மூச்சு விடுவதற்குள் அந்தச் சந்தோஷம் என்ன சந்தோஷம் என்று புரிந்தது. அப்படியானால் அந்தப் பொம்பளை உடம்பில் என்னவோ இருக்கிறது. கோட்டைப் பார்த்தும் எட்டு நாளாக யாரிடமும் சொல்லாமல் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

காகிதங்களை எடுத்துக்கொண்டு டாக்டர் ஜெபாவின் அறைக்கு ஏறக்குறைய ஓடினாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். குரல், மோவாய், கேட்காமல் எடுத்த வேர், எட்டு நாள், கடைசியில் திருநின்றவூரையும். டாக்டர் ஜெபா நாகர்கோவில் பக்கத்தவர், அதிராமல் பேசுகிறவர். காகிதங்களை விரித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல் நாளே வந்து சொல்லியிருந்தா நானும் கன்டாமினேஷன், வெளியிலேருந்து கலந்துடுச்சுன்னுதான் சொல்லியிருப்பேன் யுவராணி. நோட்டுல அடிச்சுட்டு அடுத்ததைப் பாருன்னு சொல்லியிருப்பேன். ஆனா சொல்லாம விட்டது தப்பு. அதை அப்புறம் பேசுவோம். இப்ப அவங்களக் கண்டுபிடிக்கணும். எட்டே மாசத்துல முடி கொட்டி, குரல் மாறியிருக்குன்னா அது சாதாரண முடி உதிர்தல் இல்ல. சினைப்பையிலயோ அட்ரினல் சுரப்பியிலயோ ஒரு கட்டி இந்த ஹார்மோனைச் சுரந்துட்டு இருக்கலாம்."

படிவத்திலிருந்த போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கேன்டீனில் விசாரித்தால், ஒப்பந்தக்காரர் மாறிவிட்டார், பழைய ஆட்கள் யாரும் இப்போது இல்லை என்றார்கள். சனிக்கிழமை காலை டாக்டர் ஜெபாவின் காரில் இருவரும் பூந்தமல்லி தாண்டித் திருமழிசை வழியாகக் குத்தம்பாக்கம் போனார்கள். வழியெல்லாம் யுவராணிக்கு ஒரே கவலை. புருஷனுக்குத் தெரியாது என்றாளே, அவன் இருந்தால் என்ன சொல்வது?

விசாரித்துப் போய்ச் சேர்ந்த வீட்டில் அவன்தான் இருந்தான். கிருபாகரன், கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"யாரு? இன்னா ஓணும்?"

"சரசாக்காவப் பாக்கணும்ண்ணே. எஸ்டேட்லேருந்து வரோம்."

"கேன்டீன்லேருந்தா? அவ வேலயே பூட்ச்சே. எதுக்கு இப்போ?"

டாக்டர் ஜெபா, "அவங்ககிட்ட மட்டும் பேச வேண்டிய விஷயம் தம்பி. பயப்படற மாதிரி எதுவும் அவங்க செய்யல. அவங்க விரும்பினா அப்புறம் உங்ககிட்டச் சொல்லுவாங்க" என்றார். அவன் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தான். உள்ளே திரும்பிக் கூப்பிட்டான்.

சரசா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். யுவராணியைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. தண்ணீர் டேங்க் பக்கம் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், அடிக்குரலில் பாய்ந்தாள்.

"போன்லாம் பண்ணாதன்னு சொன்னா ஊட்டுக்கே வந்து நிக்கறியா? நாப்பது முடி குட்த்தேன்ல, இன்னும் இன்னா?"

டாக்டர் ஜெபா மெதுவாகச் சொன்னார். ரத்தம் கொஞ்சம் எடுக்க வேண்டும், ஒரு ஸ்கேன் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. சரசா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு டாக்டரை விட்டுவிட்டு யுவராணியின் பக்கம் திரும்பினாள்.

"கேன்சரா?"

"தெரியலக்கா. நெஜமா தெரியாது. அதத் தெரிஞ்சிக்கத்தான் வந்தோம்."

சரசா துண்டை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். "பேச்சு ஆம்பள மாரி ஆச்சே, ஊர்ல கிண்டல் பண்றாங்களேன்னு வாயத் தொறக்காம கெடந்தேன். அந்தாளு கேட்டா சளின்னேன்." அப்புறம் வாசல் பக்கம் பார்த்து, யாரும் எதிர்பார்க்காதபடி உரக்கக் கூப்பிட்டாள். "யோவ், இங்க வா. நீயும் கேளு."

கிருபாகரன் துடைக்கிற துணியோடு வந்து நின்றான். முழுதும் கேட்டுவிட்டு, "இத்தினி நாளா என்னாண்ட சொல்லலியே" என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து அவர்களோடு காரில் ஏறினான்.

ரத்தத்தில் அந்த ஹார்மோன் ஒரு பெண்ணுக்கு இருக்க வேண்டியதைப் போல ஆறு மடங்கு இருந்தது. ஸ்கேனில் இடது சினைப்பையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. அரசு மருத்துவமனையில் அதை அறுத்து எடுத்தார்கள். எடுத்ததை ஆராய்ந்து சொல்லப் பதினாறு நாள் ஆயிற்று. அந்தப் பதினாறு நாளும் யுவராணி தினம் காலையில் ரயிலில் ஏறியதும் டாக்டர் ஜெபாவுக்கு "எதுனா வந்துச்சா மேடம்?" என்று அனுப்புவாள். "இன்னும் இல்லை" என்று பதில் வரும். கட்டி சினைப்பையைத் தாண்டிப் பரவவில்லை என்ற செய்தி பதினேழாம் நாள் வந்தபோது ரயில் இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா, "எதுக்கும்மா அழுவற, யாருக்கு இன்னா?" என்று கேட்டு, ஒரு முழம் பூ கிள்ளிக் கொடுத்தாள்.

சரசா தையல் பிரிக்க வந்த அன்று யுவராணி அவளைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனாள். ஒரு முடிவோடுதான் போனாள். கிருபாகரன் மாத்திரை வாங்கப் போன நேரத்தில், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த எட்டு நாளைச் சொன்னாள்.

சரசா எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ உன் மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் எனக்குச் சொல்லணும்னு ஓடியாந்தியா?"

யுவராணி பல பதில்களை யோசித்து வந்திருந்தாள். டாக்டரே கெட்டுப்போன குழாய் என்றுதான் சொல்லியிருப்பார், எட்டு நாளில் கட்டி பெரிதாகிவிடாது என்றெல்லாம்.

"ஆமாக்கா" என்றாள்.

சரசா தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "எனக்கு உன் மேல கோவம்தான். பொய் சொல்ல மாட்டேன்." இன்னொரு வாய் குடித்தாள். "அந்தாளு வர்ற வரைக்கும் இங்கியே இரு. என்னால எய்ந்து நிக்க முடியல."

அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்து எழுப்பி, யுவராணி கழிப்பறை வரை நடத்திக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

ஐந்து மாதம் கழித்துச் சரசாவின் வகிட்டில் குட்டைக் குட்டையாக முடி எழும்பியிருந்தது. குரல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அது பழையபடி ஆகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வேறொரு கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகவும், அங்கே தன் ஒரு அதட்டலுக்குக் கரண்டியே நடுங்குகிறது என்றும் போனில் சொல்லிச் சிரித்தாள். கோபம் போய்விட்டதா என்று யுவராணி கேட்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் படிவம் மாறியது. குரல், முகத்தில் முடி இரண்டுக்கும் கட்டங்கள் வந்தன. கெட்ட செய்தி ஏதாவது தெரிந்தால் எந்த எண்ணில், யார் மூலம் சொல்லலாம் என்று ஒரு வரி சேர்ந்தது. வெறுங்குழாயில் கோடு எழுந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று டாக்டர் ஜெபா சுவரில் எழுதி ஒட்டினார். அனுமதியில்லாமல் வேரை எடுத்ததற்கு யுவராணியிடம் விளக்கக் கடிதமும் எழுதி வாங்கிக்கொண்டார்.

போன மாதம் நாற்பத்தொன்றாம் எண்ணின் வெறுங்குழாயில் கோடு எழுந்தது. யுவராணிக்கு மறுபடியும் உள்ளங்கை வேர்த்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நேரே டாக்டர் ஜெபாவிடம் போனாள். இருவரும் அமர்ந்து பிரீசரில் இருந்த வேரை ஓட்டிப் பார்த்தார்கள். தட்டையாக வந்தது. இந்த முறை தப்பு அவளுடையதேதான். முனையை மாற்றாமல் விட்டிருந்தாள். டாக்டர் ஜெபா நோட்டில் அதை எழுதி, தேதி போட்டு, "அவங்களை மறுபடி வரச் சொல்லிடு" என்றார்.

யுவராணி போனை எடுத்தாள். நாற்பத்தொன்றாம் எண் காட்டுப்பாக்கத்தில் அடுக்கு மாடியில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண், கவிப்பிரியா.

"மேடம், லேப்லேருந்து பேசறேன். உங்களுக்கு ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். இன்னொரு தடவ உங்க முடி வேணும்."

எதிர்முனையிலிருந்து "எத்தனை?" என்ற கேள்வி வந்தது.